மரணத்தை எண்ணும் அரசு மூளைச் சேதத்தை எண்ணுவதில்லை: வைரஸ் ஆய்வும் தலித் குழந்தைகளும்

ஜப்பானிய மூளைக்காய்ச்சலால் மூளையழற்சி கண்டோரில் 30 விழுக்காடு வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு நரம்பு அல்லது மனநலம் சார்ந்த பாதிப்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடக்கூடும் என்றும் அது கூறுகிறது. அதாவது, இந்நோய் கொல்வதைவிட அதிகமானோரை ஊனப்படுத்துகிறது. ஆனால் இந்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையில் மாநிலத்தின் பெயர், நோயாளிகளின் எண்ணிக்கை, இறந்தோரின் எண்ணிக்கை ஆகியவையே இடம்பெறுகின்றன. உயிர் பிழைத்தவர் பேசுகிறாரா, நடக்கிறாரா, பள்ளிக்குத் திரும்பினாரா என்பதற்கு அங்கே இடமில்லை.

இந்த வெற்றிடம் ஒரு புள்ளியியல் குறைபாடு மட்டுமன்று என்பதே நமது வாதம். மூளையைத் தாக்கும் வைரஸ்கள் குறித்த ஆய்வுக்கு இந்திய அரசு எழுபது ஆண்டுகளாக ஆதரவளித்து வருகிறது. அந்த ஆதரவு வைரஸைத் தேடியது, கொசுவைத் தேடியது, தடுப்பூசியைத் தந்தது. தாக்குண்ட மூளையைப் பின்தொடர்வதில்தான் அது தயங்கி நின்றுவிட்டது. அந்த மூளை பெரும்பாலும் நிலமற்ற கூலித் தொழிலாளியின் குழந்தையுடையது.

வைரஸ் மூளையில் என்ன செய்கிறது

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் க்யூலெக்ஸ் வகைக் கொசுக்களால் பரவுகிறது. நெல் வயலில் தேங்கும் நீரே இக்கொசுக்களின் முதன்மையான பிறப்பிடம். கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் உடலில் வைரஸ் இயற்கையாக வாழ்கிறது. பன்றியின் உடலில் பெருகுகிறது. மனிதரின் இரத்தத்தில் கொசுவைத் தொற்றச் செய்யும் அளவுக்கு அது பெருகுவதில்லை. ஆகவே ஒரு மனிதரிடமிருந்து மற்றொரு மனிதருக்கு இந்நோய் பரவாது.

தொற்றுக்கு ஆளாவோரில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையான நோய் உண்டாகிறது. அவர்களிடம் வைரஸ் நரம்பணுக்களைத் தாக்குகிறது. அதை எதிர்க்கும் உடலின் அழற்சியும் மூளைத் திசுவைச் சிதைக்கிறது. கடுங்காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு எனத் தொடங்கி, பிழைத்தவரிடம் கைகால் விறைப்பு, பேச்சிழப்பு, ஓயாத வலிப்பு, நினைவாற்றல் குறைவு, கட்டுக்கடங்காத சினம் என அது நீள்கிறது. வைரஸைக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை. அளிக்க முடிவது துணைச் சிகிச்சையும், பின்னர் மறுவாழ்வுப் பயிற்சியும் மட்டுமே.

சந்திப்புரா வைரஸ் இன்னும் விரைவானது. மகாராஷ்டிரத்தின் நாக்பூருக்கு அருகிலுள்ள சந்திப்புரா என்ற ஊரில் 1965ஆம் ஆண்டு கண்டறியப்பட்டதால் அதற்கு அப்பெயர். 2003ஆம் ஆண்டு ஆந்திரத்தில் பரவிய மூளையழற்சியில் 329 குழந்தைகள் பாதிக்கப்பட்டு 183 பேர் இறந்தனர். அதற்குக் காரணமாக இந்த வைரஸே சுட்டப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் 15 வரை, குஜராத்தை மையமாகக் கொண்டு 245 பேருக்குத் தீவிர மூளையழற்சி ஏற்பட்டு 82 பேர் இறந்தனர். அவர்களுள் 64 பேரிடம் சந்திப்புரா வைரஸ் உறுதி செய்யப்பட்டது. இதைப் பரப்பும் மணல் ஈ மண் சுவரின் வெடிப்புகளில் வாழ்கிறது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை.

நோயின் நிலவியலும் சாதியின் நிலவியலும்

வயலின் தேங்குநீர், பன்றிக் கொட்டில், மண் சுவர் ஆகிய மூன்றும் யாருடைய வீட்டை ஒட்டி இருக்கின்றன என்று கேட்டால், நோயின் நிலவியல் சாதியின் நிலவியலாகவே விரியும். உத்தரப்பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் பீகாரிலும் வாழும் முசஹர் மக்கள் பட்டியல் சாதியினர். பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். பீகார் அரசு அவர்களை ‘மகாதலித்’ என வகைப்படுத்தியுள்ளது. மூளையழற்சிப் பருவங்களில் களத்துக்குச் சென்ற மருத்துவர்களும் செய்தியாளர்களும் இம்மக்களின் குடியிருப்புகளையே திரும்பத் திரும்பக் குறிப்பிட்டுள்ளனர்.

நோய் பரவும்போதெல்லாம் முதற் குற்றவாளியாக நிறுத்தப்படுவது பன்றியும் அதை வளர்ப்பவருமே. வைரஸின் சுழற்சியில் பன்றிக்குப் பங்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அதே சுழற்சியில் நிலவுடைமையாளரின் வயல்நீருக்கும் சம அளவில் பங்கு உண்டு. ஆயினும் ‘வயலை அகற்று’ என்று எவரும் சொல்வதில்லை. பன்றி வளர்ப்பு என்பது மற்ற தொழில்களின் கதவுகள் சாதியால் அடைக்கப்பட்ட மக்களுக்கு எஞ்சிய வாழ்வாதாரம். மாற்று வருவாய் தராமல் பன்றிகளை அப்புறப்படுத்துவது நோயுற்றவரையே தண்டிப்பதாகும்.

வயலைத் தொடும் தீர்வு இல்லாமலும் இல்லை. மதுரையில் 1985ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையும் வேப்பம் புண்ணாக்கு கலந்த யூரியாவும் கொசுப்புழுக்களைக் குறைப்பதை ஆய்ந்து காட்டியது. அரசு நிதியால் விளைந்த நல்ல ஆய்வு இது. பழி யார் மீது விழ வேண்டும் என்பதையே அது மாற்றி அமைத்திருக்க வேண்டும்.

அரசின் ஆதரவு எங்கே சென்றது

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதரிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955ஆம் ஆண்டு, அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தின் வேலூரில். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1952ஆம் ஆண்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு புனேயில் நிறுவப்பட்ட வைரஸ் ஆய்வு மையமே இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம். 1973ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தின் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களிலும், 1978ஆம் ஆண்டு கோரக்பூரிலும் நோய் பெருமளவில் பரவியது. அதன்பின் கோரக்பூருக்கு மழைக்காலம் என்றாலே குழந்தைச் சாவு என்றாயிற்று.

2005ஆம் ஆண்டு கிழக்கு உத்தரப்பிரதேசத்தில் 5,737 பேர் பாதிக்கப்பட்டு 1,344 பேர் இறந்த பின்னரே ஒன்றிய அரசு விரைந்து செயல்பட்டது. 2006ஆம் ஆண்டு நான்கு மாநிலங்களின் 11 மாவட்டங்களில், சீனாவில் தயாரான தடுப்பூசி 1 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குப் போடப்பட்டது. தேசிய வைராலஜி நிறுவனம் கர்நாடகத்தின் கோலாரில் பிரித்தெடுத்த வைரஸ் வகையைக் கொண்டு உருவான ‘ஜென்வாக்’ என்ற உள்நாட்டுத் தடுப்பூசி 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. கோரக்பூரில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய அந்நிறுவனத்தின் களப் பிரிவு, இன்று வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையமாக வளர்ந்துள்ளது. நோயும் சாவும் அங்கே வெகுவாகக் குறைந்துள்ளன. இவை மெய்யான சாதனைகள். குறைத்து மதிப்பிட வேண்டியவை அல்ல.

2012ஆம் ஆண்டு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியத் திட்டம் இன்னும் விரிவானது. அசாம், பீகார், தமிழ்நாடு, உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய ஐந்து மாநிலங்களின் 60 மாவட்டங்களுக்கு, ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 4,038 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன. குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்து, தீவிர சிகிச்சை ஆகியவற்றோடு, ஊனமுற்ற குழந்தைகளின் மறுவாழ்வும் அத்திட்டத்தின் கூறாயிற்று. மருத்துவக் கல்லூரிகளில் மறுவாழ்வு மருத்துவத் துறைகளை வலுப்படுத்துவது சுகாதாரத் துறையின் பணி என்றும், மறுவாழ்வு சமூக நீதி அமைச்சகத்தின் பொறுப்பு என்றும் வகுக்கப்பட்டது.

பிழைத்தவரின் மூளைக்கும் அரசு பொறுப்பு என்பதை ஏட்டளவிலேனும் ஏற்ற ஆவணம் அது. ஆனால் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அரசு கணக்கை மாற்றவில்லை. இன்றும் தேசிய அட்டவணையில் இருப்பவை நோயாளிகளும் இறப்புகளுமே. எத்தனை குழந்தைகளுக்கு மறுவாழ்வு தேவை என்று தெரியாமல், அளித்தது போதுமா என்று எவ்வாறு அளப்பது?

கேள்வி தவறினால் விடையும் தவறும்

ஆய்வு யாருக்காக என்பது ஆய்வின் தரத்தையும் தீர்மானிக்கிறது. இதற்கு இரு சான்றுகள் உள்ளன.

பீகாரின் முசாபர்பூரில் ஒவ்வொரு கோடையிலும் குழந்தைகள் வலிப்புற்று இறந்தனர். நெடுங்காலம் ‘பெயர் தெரியாத வைரஸ்’ என்றே பேசப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைராலஜி அறிஞர் டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர் இது வைரஸே அன்று என்று வாதிட்டனர். 2014ஆம் ஆண்டு இந்திய, அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் நடத்திய விசாரணையின் முடிவு 2017ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆய்வுக் காலத்தில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டு 122 பேர் இறந்திருந்தனர். லிச்சிப் பழத்திலுள்ள ஒருவகை நச்சுப்பொருள், இரவு உணவில்லாமல் உறங்கிய குழந்தையின் இரத்தச் சர்க்கரையைச் சடுதியில் வீழ்த்துகிறது என்று அது காட்டியது. உறங்கும் முன் ஒரு வேளை உணவும், மருத்துவமனையில் உடனடியாகக் குளுக்கோஸும் உயிர் காக்கும். இது தெரிந்த பின்னரும், 2019ஆம் ஆண்டு அதே மாவட்டத்தையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த 150க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். கொன்றது பழமா, பசியா என்ற கேள்வியைத் தலித் அமைப்புகள் எழுப்பியது சரியே.

கோரக்பூரிலும் இதைப் போன்றதே நடந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்குப் பிறகும் குழந்தைகள் மூளையழற்சியால் சேர்க்கப்பட்டவண்ணம் இருந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தேடியபோது, சோதிக்கப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டவரிடம் ஸ்க்ரப் டைபஸ் தொற்றின் சான்றைக் கண்டனர். அது வைரஸ் அன்று. நுண்ணிய சிற்றுண்ணிகள் பரப்பும் பாக்டீரியா. டாக்சிசைக்ளின் போன்ற மலிவான மாத்திரையைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் மூளை தப்பும். அத்தனை எளிய விடை அத்தனை ஆண்டுகள் தேடப்படாமலே கிடந்தது.

பதிவேடு உள்ள இடத்தில் ஆய்வு பிறக்கிறது

வைரஸ் தொற்றுக்கும் மூளை நலத்துக்கும் உள்ள உறவு இன்று உலக அறிவியலின் முன்வரிசைக் கேள்விகளுள் ஒன்று. கொரோனாவின் நெடுங்கால விளைவுகளை ஆராய, அமெரிக்க நாடாளுமன்றம் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் 115 கோடி டாலர் ஒதுக்கியது. பிரிட்டனில் 785 பேரின் மூளைப் படங்களை, தொற்றுக்கு முன்னும் பின்னுமாக ஒப்பிட்ட ஆய்வு 2022ஆம் ஆண்டு வெளிவந்தது. தொற்றுற்றோரின் மூளையில் சில பகுதிகள் கூடுதலாகச் சுருங்கியிருந்ததை அது காட்டியது. அதே ஆண்டு, அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளையும் சேமித்து வைத்த இரத்த மாதிரிகளையும் கொண்டு செய்த ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயின் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதைக் கண்டது. 2025ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் மருத்துவப் பதிவேடுகள், அக்கித் தடுப்பூசி பெற்ற முதியோரிடம் மறதிநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டின.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் அடிப்படை உண்டு. ஒரு மனிதரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நினைவில் வைத்திருக்கும் பதிவேடே அது. கோரக்பூரின் முசஹர் குழந்தை மருத்துவமனையை விட்டு வெளியேறிய கணத்தில் பதிவேட்டிலிருந்தும் வெளியேறிவிடுகிறது. சென்னைக்கோ சூரத்துக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பம் பிழைக்கப் போனால், அந்தக் குழந்தையின் மூளைக்கு என்ன ஆயிற்று என்பது அறிவியலுக்கு இல்லாத செய்தியாகிவிடுகிறது.

செல்வந்த நாடுகளால் மட்டுமே இது முடியும் என்பதும் பொய். பிரேசிலின் வறிய வடகிழக்குப் பகுதியில் 2015ஆம் ஆண்டு சிறுத்த தலையோடு குழந்தைகள் பிறந்தபோது, ரெசீஃபி நகரில் செலினா துர்க்கி தலைமையிலான ஆய்வுக் குழு ஜிகா வைரஸுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை நிறுவியது. பாதிக்கப்பட்ட தாய்மாரில் பெரும்பாலோர் ஏழைகள். கறுப்பின, கலப்பினப் பெண்கள். அவர்கள் திரண்டு போராடினர். 2015 முதல் 2019 வரை பிறந்து ஜிகாவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாழ்நாள் ஓய்வூதியம் அளிக்கும் சட்டம் 2020ஆம் ஆண்டு நிறைவேறியது. ஆய்வு உரிமையாக மாறிய தருணம் அது.

சாதி தரும் விளக்கம்

கணக்கில் இல்லாத மூளைச் சேதத்துக்கு ஊரில் வேறு பெயர் கிடைக்கிறது. காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தை நடக்கும், உண்ணும், சிரிக்கும். ஆனால் படித்தது நிற்காது, எழுத்துகள் குழம்பும், சட்டென்று சினம் எழும். ஆசிரியருக்கு இது நோயின் எச்சம் என்று சொல்வார் யாருமில்லை. ‘இந்தச் சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது’ என்ற நூற்றாண்டுகால விளக்கம் அங்கே ஆயத்தமாக நிற்கிறது. வைரஸ் செய்த காயத்துக்குப் பிறப்பு பழி சுமக்கிறது. கடைசி இருக்கை, பின்னர் இடைநிற்றல், பின்னர் கூலி வேலை.

ஊனச் சான்றிதழும் இவர்களுக்கு எளிதன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான பெரும்பாலான பயன்களைப் பெற 40 விழுக்காடு ஊனம் என்ற வரம்பு உள்ளது. விறைத்த காலை அளப்பது எளிது. குலைந்த நினைவாற்றலை அளக்க வல்லுநர் வேண்டும். அந்த வல்லுநர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். அங்கே சென்று வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆகவே நாம் கேட்கும் ஆய்வு அறிவியல் ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று. சாதியின் பொய் விளக்கத்தை மறுக்கும் சான்று அது.

நாம் கேட்பது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஊனத்தின் காரணங்களைக் கண்டறியக் கணக்கெடுப்பும் ஆய்வும் நடத்துவதை அரசின் கடமையாக்குகிறது. 28ஆம் பிரிவு மறுவாழ்வை மேம்படுத்தும் ஆய்வைக் கட்டாயமாக்குகிறது. எனவே நாம் கேட்பது சலுகை அன்று.

முதலாவது, மூளையழற்சியிலிருந்து பிழைத்த ஒவ்வொருவரையும் குறைந்தது ஓராண்டு பின்தொடரும் பதிவேடு. இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியா, மலேசியா ஆகிய நாடுகளின் குழந்தைகளிடம் சோதித்து 2010ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டு முறை, பெற்றோரிடம் கேட்கும் எளிய கேள்விகளாலும் குழந்தை செய்து காட்டும் சில அசைவுகளாலும் ஆனது. 2013ஆம் ஆண்டு முதல் பிறப்பு தொடங்கி 18 வயது வரையிலான குழந்தைகளைச் சோதித்து வரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழுக்களே அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இதைச் செய்யலாம்.

இரண்டாவது, அப்பதிவேட்டில் சாதி, நிலவுடைமை, வீட்டின் வகை, புலம்பெயர்வு ஆகியவை இடம்பெற வேண்டும். தனிநபரின் அடையாளம் காக்கப்பட்டு, மாவட்ட அளவிலான தொகுப்பு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

மூன்றாவது, ஆய்வும் மறுவாழ்வும் பிரிக்கப்படக் கூடாது. ஒரு குழந்தையின் மூளையைப் படமெடுக்கும் திட்டம், அக்குழந்தைக்கு வலிப்பு மருந்தும் இயன்முறை மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் சான்றிதழும் கிடைக்க வழி செய்ய வேண்டும். பட்டியல் சாதியினருக்கென 1979ஆம் ஆண்டு முதல் சிறப்பு உட்கூறுத் திட்டமாகத் தொடங்கி இன்று வேறு பெயரில் தொடரும் நிதியிலிருந்து இதற்குத் தனிப் பங்கு ஒதுக்கலாம்.

நான்காவது, ஒப்புதல். 2009ஆம் ஆண்டு ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் நடத்தப்பட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டதை 2013ஆம் ஆண்டின் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை கண்டித்தது. அந்தப் பாடம் மறக்கத்தக்கதன்று. நம் மக்கள் ஆய்வுக்கூட மாதிரிகள் அல்லர். ஆய்வின் நோக்கமும் இடரும் அவர்கள் மொழியில் விளக்கப்பட வேண்டும். முடிவுகள் அவர்கள் குடியிருப்புக்கே திரும்பி வர வேண்டும். நெறிமுறைக் குழுக்களில் அவர்களின் பிரதிநிதிகள் அமர வேண்டும்.

தேசிய அட்டவணையில் இறந்தோரின் பத்திக்கு அருகே பிழைத்தோருக்கென ஒரு பத்தியைச் சேர்க்கப் பெரும் நிதி தேவையில்லை. அந்தப் பத்தி நிரம்பத் தொடங்கினால், எத்தனை பேருக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும், எந்த மாவட்டத்தில் வலிப்பு மருந்து தீர்ந்துபோகிறது, எந்தக் குடியிருப்பில் தடுப்பூசி எட்டவில்லை என்பவையெல்லாம் கேட்கத்தக்க கேள்விகளாகும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒன்றிய சுகாதார அமைச்சகம் இதைத் தொடங்க வேண்டும். 60 மாவட்டங்களின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அதை அவையில் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்க வைப்பது நம் அமைப்புகளின் வேலை.